சித்தியின் அளவுகள்

அத்தியாயம் 14

"அம்மா, சித்தி எதுல செத்தாங்க?"

"காய்ச்சல்ல."

"என்ன காய்ச்சல்?"

"காய்ச்சல்ல என்னடி என்ன காய்ச்சல்? உடம்பு சுட்டுச்சு, போயிட்டா."

"எத்தனை நாள் சுட்டுச்சு?"

"நீ போய்க் கரண்ட் மீட்டரைக் கேளு, அது சொல்லும். வெட்டும்போது பேச்சுக் குடுக்காத, கை தடுமாறுது."

கை தடுமாறவே இல்லை. எழுபத்து நாலு வயதுக் கை. வீட்டு முன்னறைத் தையல்கடையில், மேஜையில் விரித்த பச்சைத் துணியில், சாக்பீஸ் கோட்டை ஒட்டிக் கத்தரி வளைந்து வளைந்து போய்க்கொண்டே இருந்தது. தெருவில் எல்லோருக்கும் அவள் 'டேப் அம்மா'. இஞ்ச் டேப் அவள் கழுத்தைவிட்டு இறங்கி யாரும் பார்த்ததில்லை.

இரண்டு மகள்களில் சின்னவள் விடவில்லை. வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதுகிற வேலை அவளுடையது. நாய் துரத்தினாலும், "அப்புறம் வா" என்று கதவைச் சாத்தினாலும், மீட்டர் எண்ணைக் குறிக்காமல் படியிறங்கிப் பழக்கமில்லை.

"சாவு ரிஜிஸ்தர்ல காய்ச்சல்னு இல்லம்மா. பலவீனம்னு போட்டிருக்கு."

"பலவீனமா இருந்தா, அதான் காய்ச்சல் வந்துச்சு."

"நீ அங்க கூட இருந்தியா?"

கத்தரி நின்றது. ஒரு நொடிதான்.

"கழுத்து எத்தனைன்னு சொன்னா இந்தப் பொண்ணு? அஞ்சரையா, ஆறா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள் அம்மா. மறுபடியும் வெட்டத் தொடங்கினாள்.

மூன்று வாரமாக இதே கேள்வி, இதே பதில்.

பெரியவளுக்குச் சினைப்பையில் புற்று என்று தெரிந்து ஐந்து மாதமாகிறது. ஆபரேஷன் முடிந்து நாலு தடவை மருந்து ஏறியாயிற்று, இரண்டு பாக்கி. இது குடும்பத்தில் ஓடுகிற வியாதியா என்று பார்க்க அவள் ரத்தத்தை எங்கோ அனுப்பினார்கள். வந்த ரிப்போர்ட் மதில்மேல் பூனை. ஏதோ ஒரு மாற்றம் இருக்கிறதாம். அது கெடுதல் செய்கிற மாற்றமா, சும்மா கிடக்கிற மாற்றமா என்று இன்றைய தேதியில் யாருக்கும் தெரியாதாம்.

"ரத்தம் சொல்லாததைக் குடும்பம் சொல்லும்," என்றாள் டாக்டர். "உங்கம்மா வழிப் பொம்பளைங்க எல்லாரையும் எழுதிக்கிட்டு வாங்க. யாரு, எந்த வயசுல, எதுல."

எழுதிக்கொண்டு போனால் அவள் ஒவ்வொருத்தியையும் ஒரு வட்டமாகப் போடுவாள். நோய் வந்தவள் என்றால் வட்டத்துக்குள் மையால் நிரப்புவாள். அக்காவும் தங்கையும் அவளுக்கு வைத்த பெயர் 'வட்ட டாக்டர்'.

வட்டங்கள் எல்லாம் பெரியவளுக்காக அல்ல. சின்னவளுக்காக.

அவளுக்கு முப்பத்தாறு. கல்யாணமாகி ஒன்பது வருஷம், குழந்தை இல்லை. இரண்டு வருஷம் விடாமல் முயன்றால் வழி இருக்கிறது என்று குழந்தைக்காக வைத்தியம் பார்க்கும் இடத்தில் சொல்லியிருந்தார்கள். வட்ட டாக்டரும் பட்டென்று சொல்லிவிட்டாள்: "உங்க குடும்பத்துல வேற யாருக்கும் இருந்ததில்லைன்னா, அந்த ரெண்டு வருஷத்தைத் தாராளமா எடுத்துக்கங்க. இன்னொருத்தருக்கு, அதுவும் சின்ன வயசுல இருந்திருந்தா, நான் தரமாட்டேன். உங்க ஓவரி ரெண்டையும் சீக்கிரம் எடுத்துடணும்."

அதற்குப் பிறகு சின்னவள் செத்துப்போன பெண்களின் பின்னால் அலைந்தாள். அம்மாவைப் பெற்றவள் பிரசவத்தில் போனவள். பெரியம்மாக்களில் ஒருத்தி எண்பதில், இன்னொருத்தி தொண்ணூறு வரை இருந்து எல்லோரையும் திட்டித் தீர்த்துவிட்டு. மிச்சம் ஒரே ஒரு வட்டம். அம்மாவின் தங்கை, சித்தி.

போன வாரம், சித்தி செத்த ஊரின் இறப்புப் பதிவேட்டைத் தேடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். ஆண்களுக்கு அதில் விதவிதமான சாவு. நெஞ்சடைப்பு, பாம்புக்கடி, மரத்திலிருந்து விழுந்தது, குடி. பெண்களுக்கு மூன்றே மூன்று: காய்ச்சல், வயிற்றுவலி, பலவீனம்.

"என்ன சார் இது?" என்று கேட்டதற்கு அங்கிருந்த குமாஸ்தா கண்ணாடியைத் துடைத்தபடியே சொன்னார்: "எழுதினவங்க ஆம்பளைங்கம்மா. சொன்னவங்களும் ஆம்பளைங்க."

இன்று மாலை நாலு மணிக்கு டாக்டர். சித்தியின் வட்டத்துக்குள் என்ன என்று சின்னவள் சொல்லியாக வேண்டும்.

*

"என்ன மீட்டர், ரீடிங் கிடைச்சுதா?"

உள்ளறைக் கட்டிலிலிருந்து பெரியவள் கேட்டாள். தலையில் ஒரு பருத்தித் துணி. கடையில் ஜாக்கெட் தைத்ததில் மிஞ்சியது. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வாடிக்கைக்காரியின் மிச்சத்தைக் கட்டிக்கொள்வாள். இன்று டீச்சரம்மாவின் மஞ்சள்.

"மெயின்லயே கரண்ட் இல்லக்கா."

"அம்மாவைக் கேட்டா அப்படித்தான். அந்த வாய்க்கு உள்பக்கம் ஹூக் வச்சுத் தைச்சிருக்கு." பெரியவள் சிரித்தாள், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "வாயைக் கேக்காத. நோட்டைக் கேளு."

"எந்த நோட்டு?"

"அளவு நோட்டு. மூணு வாரமா ஊரெல்லாம் சுத்துற, நம்ம பரண் மேல பாத்தியா?"

சின்னவள் அப்படியே நின்றாள்.

அந்தக் கடையில் அளவு நோட்டைத் தூக்கிப் போடும் வழக்கமில்லை. ஆளுக்கு ஒரு பக்கம். ஒவ்வொரு தடவை அளவு எடுக்கும்போதும் தேதி போட்டு, பழைய அளவுக்குக் கீழேயே புதிய அளவு. கடைசிப் பக்கங்கள் வீட்டுப் பெண்களுக்கு.

"சித்திக்கும் அம்மாதானே தைச்சாங்க?" என்றாள் பெரியவள். "டாக்டர் தொடுறதுக்கு முன்னாடி டெய்லர் தொட்டுருவாடி. எனக்கே பாரு. என் ஜாக்கெட் கை லூஸாச்சுன்னு நானே பிடிச்சுத் தைச்சுக்கிட்டேன். மெலிஞ்சிட்டேன்னு சந்தோஷம் வேற. வயித்துப் பக்கம் மட்டும் ஏன் பிரிச்சு விட வேண்டியிருக்குன்னு யோசிக்கல."

பரணில் தகரப் பெட்டி. அதில் நோட்டுகள் வருஷ வாரியாகக் கட்டப்பட்டிருந்தன. நாற்பது வருஷத்துக்கு முந்தைய கட்டைச் சின்னவள் இறக்கிக் கட்டிலில் போட்டபோது எழுந்த தூசிக்குப் பெரியவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

கடைசிக்கு முந்தைய பக்கம். மேலே 'தங்கச்சி' என்று மட்டும் எழுதியிருந்தது. அம்மாவின் எழுத்து. கீழே நாலு வரிசை. எட்டு மாதத்துக்குள் நாலு தடவை.

"எட்டு மாசத்துல நாலு தடவையா?" என்றாள் பெரியவள். "எனக்கு வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்கவே அம்மாவுக்கு நேரமிருக்காது."

வயிறு என்ற இடத்தில் மட்டும், நாலு எண்ணுக்கு அடியிலும் சிவப்புப் பென்சிலால் கோடு. இருபத்தொன்பது. முப்பத்திரண்டு. முப்பத்தாறு. நாற்பது.

"ஐயோ," என்றாள் சின்னவள்.

"இரு. வயித்தை விடு. நீ மீட்டர் பாக்கிறவதானே? எல்லா எண்ணையும் பாரு."

சின்னவள் விரலை வைத்துப் பார்த்தாள். ஒரு தனி எண்ணுக்கு மதிப்பில்லை. போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் உள்ள வித்தியாசம்தான் பேசும் என்பது அவள் தொழில். மார்பு முப்பத்து நாலிலிருந்து முப்பத்தொன்றுக்கு இறங்கியிருந்தது. கைச்சுற்று பதினொன்றிலிருந்து ஒன்பதுக்கு. கழுத்தும் இறங்கியிருந்தது.

"எல்லாம் இறங்குதுக்கா. வயிறு மட்டும் ஏறுது."

"எனக்கும் இதேதான்," என்றாள் பெரியவள் மெதுவாக. "இதே கணக்குதான்."

"அப்ப எதுக்கு வயித்துக்கு மட்டும் சிவப்புக் கோடு?"

வாசற்படியில் நிழல் விழுந்தது.

*

அம்மா நோட்டைப் பார்த்தாள். பிறகு பெட்டியை. பிறகு பரணை.

"இது எப்படிடி உன் கைக்கு வந்துச்சு?"

"நம்ம வீட்லதாம்மா இருந்துச்சு. நீதான் எழுதியிருக்க."

"டேப் அம்மா! என் மஞ்சள் ஜாக்கெட் ரெடியா?" என்று முன்னாலிருந்து ஒரு குரல்.

"காஜா எடுக்கணும் டீச்சர், நாளைக்கு வாங்க!" குரலில் எந்த மாற்றமும் இல்லாமல் திரும்பிச் சொன்னாள் அம்மா.

"நேத்தும் நாளைக்குன்னுதான் சொன்னீங்க!"

"நேத்து சொன்ன நாளைக்கு வேற, இன்னிக்குச் சொல்ற நாளைக்கு வேற, போங்க டீச்சர்!"

டீச்சரம்மா சிரித்துக்கொண்டே போகும் சத்தம் கேட்டது. அம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். நோட்டைத் தொடவில்லை.

"அவ புருஷன் போய் மூணு வருஷம் அப்போ," என்றாள். "குழந்தையோட இங்கதான் இருந்தா. உனக்குத் தெரியும், பெரியவளே."

"தெரியும். நானும் அந்தக் குட்டியும் மேஜைக்கடியில உக்காந்து வெட்டுத்துணி பொறுக்குவோம்."

"தெருவுல ஒருத்தி வந்து காதுல ஓதுனா. உன் தங்கச்சி நடை மாறியிருக்கே, கவனிச்சியான்னு. கவனிச்சேன். புதுசா நைட்டி தைக்கிறேன், அளவு குடுன்னு கூப்பிட்டேன்."

"தைச்சுக் குடுத்தியா?"

"இல்ல."

சின்னவளின் விரல் சிவப்புக் கோட்டில் போய் நின்றது.

"அவளுக்கு ஒரே சந்தோஷம். அக்கா எனக்குப் புதுசு தைக்குதுன்னு ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு நின்னா. நான் வயித்துல டேப்பை வச்சேன். கூடியிருந்துச்சு. ரெண்டு மாசம் கழிச்சு, முன்ன எடுத்த அளவு சரியில்ல, இன்னொரு தடவை குடுன்னேன். இன்னும் கூடியிருந்துச்சு. இப்படியே நாலு தடவை."

"அம்மா..."

"நாலாவது தடவை கேட்டுட்டேன்."

"என்னன்னு?"

"எத்தனை மாசம்னு."

பெரியவள் தலைத்துணியை இழுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"சித்தி என்ன சொன்னாங்க?"

"வலிக்குதுக்கான்னா. சோறு இறங்க மாட்டேங்குதுக்கா, ரெண்டு வாய்ல நிறைஞ்சுபோவுதுன்னா. நான்..." அம்மா கழுத்து டேப்பின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டாள். "மசக்கைன்னா அப்படித்தாண்டி இருக்கும்னேன்."

முன்னால் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. காஜா எடுக்கிற பெண் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள்.

"உங்கப்பா போகச் சொல்லல. அந்தப் பாவத்தை அவர் மேல போடக்கூடாது. வண்டி பேசினது நான்தான். அவ புருஷன் வழியில தூரத்துச் சொந்தம் ஒண்ணு இருந்துச்சு, அங்க அனுப்பிட்டேன். குழந்தையைக் கையில பிடிச்சுக்கிட்டுப் போனா. மூணாம் மாசம் ஒரு கார்டு வந்துச்சு, போயிட்டான்னு. நான் கார்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். பிள்ளை பிறந்து போனாளா, பிறக்காமப் போனாளான்னு. பிள்ளைங்கிற பேச்சே அதுல இல்ல."

"அப்பவே தெரிஞ்சுதா?"

"அப்பவே தெரிஞ்சுது."

"மார்பு குறைஞ்சிருக்கும்மா," என்றாள் பெரியவள், கண்ணைத் திறக்காமல். "கை குறைஞ்சிருக்கு. மாசமா இருக்கிறவளுக்கு மொதல்ல ஏறுறதே மார்புதான். எனக்கு நீதானே சொல்லிக் குடுத்த? ரெண்டு பக்கமும் துணி விட்டுத் தைன்னு? எல்லாம் உன் கையெழுத்துலதான் இருக்கு."

"எழுதினேன்டி," என்றாள் அம்மா. "படிக்கல."

அவள் எழுந்து முன்னால் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் கத்தரிச் சத்தம் கேட்டது.

*

சின்னவள் நோட்டை மூடினாள். கட்டோடு சேர்த்துக் கட்டினாள். பெட்டிக்குள் வைத்து மூடியை அழுத்தினாள்.

"டாக்டர்கிட்ட எடுத்துட்டுப் போகலையா?" என்றாள் பெரியவள்.

"எதை?"

பெரியவள் அவளையே பார்த்தாள்.

"நான் பரண்ல ஏறலன்னு வச்சுக்கோக்கா. காலைல உன்கூடப் பேசிட்டு அப்படியே வேலைக்குப் போயிட்டேன். ரிஜிஸ்தர்ல பலவீனம்னு இருக்கு, அம்மா காய்ச்சல்னு சொல்றாங்க. ரெண்டும் பொய்யில்ல. நான் எதையும் புதுசாச் சொல்லல."

"ம்."

"ரெண்டு வருஷம்தானேக்கா? இந்த ரெண்டு வருஷத்துல எனக்கு எதுவும் வராம இருந்தா?"

"வராம இருக்கலாம்."

"அப்ப?"

"என்னைக் கேக்காதடி. எனக்கு ரெண்டு பசங்க இருக்காங்க. அதை வச்சுக்கிட்டு உனக்கு யோசனை சொன்னா என் நாக்கு கூசும்." பெரியவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். கொஞ்சம் கழித்து அப்படியே சொன்னாள்: "மருந்து ஏறுறப்போ பக்கத்துல வந்து பாத்திருக்கல்ல? அதை மட்டும் நினைச்சுக்கோ. வேற எதுவும் சொல்லமாட்டேன்."

சின்னவள் பெட்டியைத் தூக்கிப் பரணில் ஏற்றினாள்.

மூன்று மணிக்கு அவள் கிளம்பியபோது அம்மா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாள். டேப் கழுத்தில் இல்லை.

"நீ எங்க?"

"உன்கூட. உங்கக்காவால இன்னிக்கு முடியாது. துணைக்கு ஒரு ஆள் வேண்டாமா?"

"வேண்டாம். எனக்கு என்ன வயசு எட்டா?"

"எட்டா இருந்தா தனியா அனுப்பிருப்பேன். அப்ப நீ சொன்ன பேச்சு கேட்ட."

பஸ்ஸில் இடம் கிடைத்தது. இரண்டு ஸ்டாப் தாண்டி ஒரு பெண் கைக்குழந்தையோடு ஏறினாள். சின்னவள் எழுந்து இடம் கொடுத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். குழந்தை அவள் பையின் ஜிப்பை எட்டிப் பிடித்து இழுத்தது. அவள் பிடுங்கிக்கொள்ளவில்லை. இறங்கும்வரை குழந்தையின் கையிலேயே அது இருந்தது.

அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வந்தாள்.

*

வட்ட டாக்டருக்கு முப்பது வயதுகூட இருக்காது. பேனா மூடியைக் கடித்துக் கடித்து அதன் நுனி நைந்திருந்தது. மேஜையில் அந்தப் பெரிய தாள். பெரியவளின் வட்டம் கறுப்பு. பெரியம்மாக்கள் வெள்ளை. ஓரத்தில் ஒரு வட்டத்துக்குள் கேள்விக்குறி.

"இதான் உங்க அம்மாவா? நல்லதாப் போச்சு. உக்காருங்கம்மா." சின்னவளைப் பார்த்தாள். "சித்தி விஷயம் கிடைச்சுதா?"

"கிடைச்சுது டாக்டர். காய்ச்சல்தான்." சின்னவளின் குரல் தெளிவாக இருந்தது. "நாலு நாள் விடாம அடிச்சிருக்கு. ரிஜிஸ்தர்லயும் பலவீனம்னுதான் இருக்கு. நானே நேர்ல போய்ப் பாத்தேன்."

"அதுக்கு முன்னாடி வேற ஏதாவது? வயித்துல வலி, வீக்கம்?"

"அப்படி எதுவும் இல்ல."

"சரி." டாக்டரின் முகம் மலர்ந்தது. "அப்ப ஒரு ஆள்தான், உங்கக்கா மட்டும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் பாத்துக்கிட்டு, நீங்க உங்க குழந்தை வைத்தியத்தைத் தொடங்கலாம். ரெண்டு வருஷம்..."

இரண்டு வருஷம் என்ற சொல்லைக் கேட்டதும் சின்னவளின் தோள்கள் தாமாகவே இறங்கின. மூன்று வாரமாக அவை அவள் காதருகே ஏறி நின்றிருந்தன என்பது அப்போதுதான் தெரிந்தது.

டாக்டர் கேள்விக்குறியை அடிக்கப் பேனாவை எடுத்தாள்.

"எழுதாதீங்க டாக்டரம்மா," என்றாள் அம்மா.

"அம்மா, சும்மா இரு."

"நாற்பது வருஷம் சும்மாதான் இருந்தேன். எழுதாதீங்க. இவ சொல்றது பொய்."

நோட்டு வீட்டில் பரணில் இருந்தது. அம்மாவுக்கு அது தேவைப்படவில்லை. கைகளை மடியில் கோத்துக்கொண்டு, கடையில் உதவிக்கு நிற்கும் பெண்ணுக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். மார்பு முப்பத்து நாலு, முப்பத்து மூணரை, முப்பத்திரண்டு, முப்பத்தொண்ணு. வயிறு இருபத்தொம்பது, முப்பத்திரண்டு, முப்பத்தாறு, நாற்பது. கைச்சுற்று பதினொண்ணு, பத்தரை, ஒம்பதே முக்கால், ஒம்பது. எட்டு மாசம். ரெண்டு வாய்க்கு மேல சாப்பாடு இறங்கல. கால் வீங்கிச்சு. வலிக்குதுன்னு சொன்னா.

"யாருகிட்ட சொன்னாங்க?"

"என்கிட்டதான்."

டாக்டர் பேனா மூடியை வாயிலிருந்து எடுத்தாள்.

"வயசு?"

"முப்பத்தொண்ணு."

"நாற்பது வருஷத்துக்கு முந்தின வயித்தை நான் இன்னிக்கு ஸ்கேன் பண்ண முடியாதும்மா," என்றாள் டாக்டர் மெதுவாக. "ஆனா நீங்க சொன்ன அளவைக் கேட்டா, எனக்கு வேற எதுவும் தோணல."

அவள் வட்டத்தை நிரப்பத் தொடங்கினாள். சின்ன வட்டம்தான், ஆனால் நிரப்ப ரொம்ப நேரமானது.

"உங்க வழியாத்தான் வந்திருக்கும்," என்றாள் எழுதிக்கொண்டே. "சில பேரை இது தொடாமப் போயிடும். உங்களை விட்டுட்டு உங்க பொண்ணுகிட்டப் போயிருக்கு."

"என்னைப் பிடிச்சிருக்கலாம்," என்றாள் அம்மா.

சின்னவள் திரும்பினாள். "இதுக்குத்தான் கூட வந்தியா?"

"ஆமா."

"மூணு வாரமா நான் கெஞ்சினப்போ வாயைத் திறக்கல. இப்பதான் உனக்கு உண்மை பேசத் தோணுச்சா? எனக்குக் குழந்தை வேணும்னு உனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுதான் காய்ச்சல்னு சொன்னேன். என் மானத்தை மறைக்கிறேன்னு நீ நினைச்ச. உன் ரெண்டு வருஷத்தை நான் பிடுங்கக்கூடாதுன்னு இருந்தேன்."

"அப்ப அப்படியே இருக்கவேண்டியதுதானே!"

"நான் சொன்ன வரைக்கும் அது பொய்தாண்டி. நீ வாயைத் திறந்து சொன்னதும் அது உன் உயிரா ஆயிடுச்சு." அம்மாவின் கை டேப் இல்லாத கழுத்தைத் தடவியது. "ஒருத்தி வலிக்குதுன்னு சொன்னா, நான் கேக்கல. நீ வலிக்கலன்னு சொல்ற, அதை எப்படிக் கேட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன்?"

சின்னவள் அழவில்லை. பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள்.

டாக்டர் அவளுக்கு நேரம் கொடுத்தாள். பிறகு நேராகப் பேசினாள். இந்த வாரமே ஸ்கேன். மூன்று மாதத்துக்குள் ஆபரேஷன். அதற்கு முன்னால் கருமுட்டை எடுத்து வைக்க முடியுமா என்று குழந்தைக்காக வைத்தியம் பார்க்கும் ஆஸ்பத்திரியில் தானே பேசுவதாகச் சொன்னாள். "ஒரு தடவைதான் டைம் இருக்கும். கிடைக்கும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன். ஏற்கெனவே உங்களுக்கு முட்டை எண்ணிக்கை கம்மின்னு சொல்லியிருக்காங்க."

"அவர்கிட்ட நான் என்ன சொல்றது?" என்று கேட்டாள் சின்னவள். யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை. அவள் கணவன் தூரத்து ரூட்டில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். நாளை மறுநாள்தான் வருவான்.



அம்மா அவள் முதுகில் கை வைத்தாள். சின்னவள் உதறவில்லை. அணைந்துகொள்ளவும் இல்லை. கை அப்படியே இருந்தது.

"இன்னும் ஒண்ணு கேக்கணும்," என்றாள் டாக்டர். பேனா சித்தியின் வட்டத்திலிருந்து கீழே ஒரு கோடு இழுத்து நின்றது. "இவங்களுக்குக் குழந்தைங்க?"

"ஒரு பொண்ணு," என்றாள் சின்னவள் சுரத்தில்லாமல். "ஆறு வயசுல இங்கேருந்து போயிட்டாங்க. எங்க இருக்காங்கன்னு தெரியாது."

"தெரியும்," என்றாள் அம்மா.

சின்னவள் நிமிர்ந்தாள்.

"பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி விசாரிச்சுக்கிட்டுப் போனேன். உங்க யாருக்கும் தெரியாது. கதவு வரைக்கும் போனேன். ரெண்டு பொட்டப் பிள்ளைங்க வாசல்ல விளையாடிட்டு இருந்துச்சுங்க. யாரு வேணும்னு அவளே வெளிய வந்து கேட்டா. அப்படியே என் தங்கச்சி குரல். தண்ணி வேணும்னேன். குடுத்தா. குடிச்சேன். வந்துட்டேன்."

"ஒரு வார்த்தையும் சொல்லாமலா?"

"சொம்பு நல்லா இருக்குன்னு சொன்னேன்."

டாக்டர் கோட்டின் நுனியில் ஒரு வட்டம் போட்டாள். அதற்குக் கீழே இன்னும் இரண்டு. மூன்றும் வெறுமையாக இருந்தன.

"அவங்களுக்கு இது தெரிஞ்சாகணும்மா. அவங்களுக்கு இப்ப நாற்பத்தாறு. ஒரு நாளும் தள்ளாதீங்க."

"நான் எந்த மூஞ்சியோட போய் நிப்பேன்?" என்றாள் அம்மா. "உன் அம்மாவை நான்தான் துரத்தினேன்னு சொல்லணும். சொல்லாம மத்ததைச் சொல்ல முடியாது. கதவைச் சாத்திட்டான்னா?"

சின்னவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பெயருக்கான வட்டத்துக்குக் கீழே எந்தக் கோடும் இல்லை. ஓரத்தில் இருந்த அந்த இரண்டு சின்ன வட்டங்களின் மேல் அவள் விரல் போய் நின்றது.

"இந்தப் பொண்ணுங்களுக்கு இப்ப என்ன வயசு இருக்கும்?"

"பெரிசுக்கு இருபத்திரண்டு இருக்கும். சின்னதுக்கு இருபது."

சின்னவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். மணி ஐந்துகூட ஆகவில்லை. ஜன்னலுக்கு வெளியே வெயில் இருந்தது.

"மூஞ்சி வேண்டாம்மா," என்றாள். "வாயை மட்டும் எடுத்துக்கிட்டு வா. எந்த பஸ்னு சொல்லு."